நனைந்துபோன சிட்டைகளும் நான்கு ஆண்டு ரிட்டர்னும்

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி வாங்கி, செங்கோட்டை, புளியரை வழியாகப் புனலூருக்கும் கொட்டாரக்கரைக்கும் லோடு அனுப்பும் வியாபாரி ஒருவர் 2026 பிப்ரவரியில், வரிக் கணக்கு பார்க்கும் என் அலுவலகத்துக்கு வந்தார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். லாரி வாங்கக் கடன் கேட்டுப் பேங்குக்குப் போயிருக்கிறார். மூன்று வருட ரிட்டர்ன் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அவரோ 2020-21 முதல் நான்கு நிதியாண்டுக்கு வருமான வரி ரிட்டர்னே போடவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப் போட்ட மழையில் கடையின் பின்னறைக்குள் தண்ணீர் ஏறி, சிட்டை, பில் புக், பேரேடு எல்லாம் கூழாகிவிட்டன.

“சார், கணக்கே இல்ல. உள்ள வச்சிருவாங்களா? பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்” என்றார். இரண்டு வருடமாக இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டே என் அலுவலகத்தைக் கடந்து போயிருக்கிறார். எனக்கு அதுதான் அதிக வருத்தம். ரிட்டர்ன் போடாததற்குச் சட்டத்தில் தண்டனைப் பிரிவு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் துறை கூப்பிடும் முன்பே தானாக வந்து, வரியும் வட்டியும் கட்டி ரிட்டர்ன் போடுகிறவரின் நிலை வேறு. நோட்டீஸ் வந்தபின் வழியும் குறுகும், செலவும் கூடும்.

ஏன் ரிட்டர்ன் போடவில்லை என்று கேட்டேன். “காய்கறிக்குத்தான் வரி இல்லையே சார்” என்றார். எங்கள் எல்லைப் பகுதியில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். பச்சைக் காய்கறிக்கும் வைக்கோலுக்கும் ஜிஎஸ்டி கிடையாது, சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லும் வேண்டாம் என்பது உண்மை. அவற்றை மட்டுமே விற்பவர் ஜிஎஸ்டி பதிவே எடுக்க வேண்டியதில்லை. எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் தாண்டி, ஆரியங்காவு போய்ச் சேரும்வரை யாரும் வரி ரசீது கேட்பதில்லை என்பதால், வருமான வரியும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். தன் வயலில் விளைந்த கத்தரிக்காயை விற்கிற விவசாயிக்குத்தான் அந்த வருமானத்தில் வரி விலக்கு. அதே கத்தரிக்காயைச் சந்தையில் வாங்கிக் கைமாற்றி விற்கிறவர் வியாபாரி, அவருடைய லாபம் வியாபார வருமானம்.

சரி, இனி என்ன செய்வது? குறித்த காலத்தில் போடாத ரிட்டர்னை மதிப்பீட்டு ஆண்டின், அதாவது வருமானம் வந்த நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டின், டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம். அந்தக் கட்டணம் 5,000 ரூபாய், மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000. அந்தத் தேதியும் போய்விட்டால் இருப்பது ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’. 2022இல் கொண்டுவந்தபோது அதற்கு 24 மாதம்தான் அவகாசம். 2025 பட்ஜெட்டில் 48 மாதமாக நீட்டினார்கள், மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து கணக்கு. அந்த மாற்றம் வந்திருக்காவிட்டால் நம் வியாபாரியின் முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கதவே இருந்திருக்காது.

இதற்குக் கூடுதல் வரி உண்டு. செலுத்த வேண்டிய வரியும் வட்டியும் சேர்ந்த தொகையில் முதல் 12 மாதத்துக்குள் என்றால் 25 சதவீதம், 24 மாதத்துக்குள் 50, 36க்குள் 60, 48க்குள் 70. அவருடைய நான்கு ஆண்டுகளும் அன்றைக்கு இந்த நான்கு படிகளிலும் ஆளுக்கொன்றாக உட்கார்ந்திருந்தன. 2023-24க்கு 25, 2022-23க்கு 50, 2021-22க்கு 60, 2020-21க்கு 70. வரியும் வட்டியும் ஒரு லட்சம் என்று வைத்துக்கொண்டால், 2023-24க்கு அதற்கு மேல் 25,000 கட்டினால் போதும், 2020-21க்கு 70,000 கட்ட வேண்டும். மார்ச் 31 தாண்டினால் மூன்று ஆண்டுகள் அடுத்த படிக்கு ஏறும், 2020-21 கையைவிட்டே போய்விடும். எங்களிடம் இருந்தது ஆறு வாரம். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தாலும், இந்தப் பழைய ஆண்டுகளின் வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படிதான் வரி. ‘புதுச் சட்டம் வந்துட்டா பழசெல்லாம் போயிரும்’ என்று டீக்கடையில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்டேட்டட் ரிட்டர்னில் ரீஃபண்டும் கேட்க முடியாது. வரியைக் கட்டிய பிறகுதான் ரிட்டர்னை ஏற்றவே முடியும், தவணை கிடையாது.

முதலில் வருமான வரித் தளத்தைத் திறக்கப் பார்த்தோம். முடியவில்லை. பான் கணக்கில் இருந்த போன் நம்பரும் மெயிலும் முன்பு அவருக்குக் கணக்கெழுதியவருடையவை. அந்த மனிதர் ஊரைவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. துறை அனுப்பிய தகவல்களெல்லாம் அந்த மெயிலுக்கே போயிருக்கின்றன. நம்பரை மாற்றி உள்ளே போனதும், அவருடைய பண நடமாட்டம் பற்றித் துறைக்கு வந்த தகவல்களைக் காட்டும் ஆண்டுத் தகவல் அறிக்கையை எடுத்தோம். சேமிப்புக் கணக்கில் ஓர் ஆண்டில் 10 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கம் கட்டினால் பேங்க் அதைத் துறைக்குத் தெரிவிக்கும். நடப்புக் கணக்குக்கு அந்த வரம்பு 50 லட்சம். அவர் தொலைந்துவிட்டதாக நினைத்த கணக்கில் ஒரு பகுதி துறையிடம் ஏற்கெனவே இருந்தது. அதைப் பார்த்து முகம் வெளுத்துவிட்டது அவருக்கு.

அப்புறம் மற்றதைத் தேடினோம். பேங்கில் எழுதிக் கொடுத்துப் பழைய ஸ்டேட்மென்ட் வாங்கினோம். லாரி ஷெட்டில் நடைக் கணக்கு இருந்தது. எடைமேடைச் சீட்டுகளை டிரைவர் போட்டோ எடுத்து அனுப்பியவை வாட்ஸாப்பில் அப்படியே கிடந்தன. எல்லாவற்றையும்விட உதவியது புனலூரில் காய்கறி வாங்குகிற சேட்டனின் பேரேடு. நம்மவருக்கு எழுதிய பக்கங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்து அனுப்பினார். மலையாளத்தில்தான் எழுதியிருந்தார், நம் வியாபாரியே வாசித்துச் சொன்னார்.

இங்கே ஒரு தவறு நடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். பேங்கில் வந்த வரவு முழுவதையும் விற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். 2021-22இல் அவர் கணக்குகளில் வந்தது 96 லட்சம். அதில் 11 லட்சம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு அவரே மாற்றியது. 3 லட்சம் நகைக்கடன், 2 லட்சம் சீட்டு எடுத்த பணம். சீட்டுப் பணத்துக்குச் சான்று என்னவென்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவர் மனைவி மாதாமாதம் கட்டியதை எழுதி வைத்திருந்த நோட்டைக் கொண்டுவந்தார். எடுத்த தேதியும் தொகையும் பேங்கில் கட்டிய நாளோடு பொருந்தின. ஆக விற்பனை 80 லட்சம். ஆனால் எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும் அல்லவா? சேட்டனின் பேரேட்டில் டிரைவர் கையில் ரொக்கமாகக் கொடுத்த 7 லட்சம் இருந்தது. அது பேங்குக்கு வராமல் டீசலுக்கும் கூலிக்கும் போயிருந்தது. அதையும் சேர்த்து 87 லட்சம் என்று எழுதினோம். அவருக்கு மனமில்லை. “சேட்டன் கணக்கில் இருப்பது உங்கள் கணக்கில் இல்லாவிட்டால், பின்னால் கேள்வி வரும்போது மீதி எல்லாவற்றையும் சந்தேகிப்பார்கள் அண்ணாச்சி” என்றேன். ஒப்புக்கொண்டார்.

விற்பனை தெரிந்தபின் லாபத்துக்குச் செலவுச் சீட்டு வேண்டுமே என்று பயந்தார். 2 கோடிக்குள் விற்பனை உள்ள சிறு வியாபாரிக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பேங்க் வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் லாபம் என்று காட்டலாம், கணக்குப் புத்தகம் கேட்கமாட்டார்கள். உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அதைத்தான் காட்ட வேண்டும். பேங்க் வழியாக வந்த 50 லட்சத்துக்கு 3 லட்சம், ரொக்கம் 37 லட்சத்துக்கு 2,96,000, ஆக வருமானம் 5,96,000. இந்த வழியை எடுத்தால் தொடர்ந்து இதிலேயே இருப்பது நல்லது. ஐந்து ஆண்டுக்குள் விட்டு விலகினால் அடுத்த ஐந்து ஆண்டுக்குத் திரும்ப வர முடியாது. கமிஷன், புரோக்கரேஜ் வருமானம் உள்ளவர்களுக்கு இது கிடையவே கிடையாது. சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை, பக்கத்துக் கடைக்காரர் செய்தார் என்று அவர்களும் செய்துவிடுகிறார்கள்.

நடுவில் அவரிடம் யாரோ, பழைய தேதி போட்டு பில் புக் அடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதும் எனக்குக் கோபமே வந்துவிட்டது. மழையில் நனைந்தது குற்றமில்லை. பொய் பில் போடுவது குற்றம், அதற்குத் தனியாக வழக்கு வரும். அதற்குப் பதில் நனைந்த கட்டுகளை அவர் மகன் போனில் படம் எடுத்து வைத்திருந்ததைத் தேதியோடு பத்திரப்படுத்தினோம். இது மழை நின்ற அன்றே செய்ய வேண்டிய வேலை. காவல் நிலையத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குவதும் அப்போதே செய்திருக்க வேண்டும். பணத்துக்கு விளக்கம் தர முடியாவிட்டால் இந்த ஆண்டுகளில் அதற்கு 60 சதவீத வரி, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 78 சதவீதம். மனைவியின் சீட்டு நோட்டு எவ்வளவு பெரிய காரியம் செய்தது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

எல்லையில் இருப்பவர்களுக்கு ஜிஎஸ்டி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஓணத்துக்குச் சிப்ஸ் விற்கப் புனலூரில் குடோன் எடுத்த இன்னொருவர், கேரளத்தின் 32இல் தொடங்கும் ஜிஎஸ்டி எண் வாங்கினார். சீசன் முடிந்ததும் குடோனைக் காலி செய்துவிட்டார், எண்ணை ரத்து செய்யவில்லை. இங்கே 33 எண்ணில் ஒழுங்காக ரிட்டர்ன் போடுவதால் எல்லாம் சரி என்று இருந்தார். பான் ஒன்றாக இருந்தாலும் இரண்டு மாநிலப் பதிவுக்கும் தனித்தனி ரிட்டர்ன். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் நாளுக்கு 20 ரூபாய், ஒரு ரிட்டர்னுக்கு 500 வரை தாமதக் கட்டணம் உண்டு. அதிகாரி தாமாகவே ஒரு தொகையை மதிப்பிட்டு ஆணை போட்டுவிட்டார். ஆணை வந்த 60 நாளுக்குள் அந்த ரிட்டர்னைப் போட்டால் ஆணை விலகிவிடும். அவர் இருபதாம் நாளே கொண்டுவந்ததால் தப்பித்தார். ஆனால் ஜிஎஸ்டியில் கெடு முடிந்து மூன்று ஆண்டு தாண்டிய ரிட்டர்னை இப்போது போடவே முடியாது, 2025லிருந்து தளம் பூட்டிவிடுகிறது.

காய்கறி வியாபாரிக்கு வருவோம். வரி கட்ட நகையை மறுபடி அடகு வைத்தார்கள், எனக்கு மனம் கஷ்டப்பட்டது. மூத்த ஆண்டை முதலில் முடித்து, மார்ச் கடைசி வாரத்தில் நான்காவது ரிட்டர்னையும் ஏற்றினோம். சரிபார்ப்புக்கு ஓடிபி வந்ததும் பழக்கத்தில் போனை என்னிடம் நீட்டினார். “நீங்களே வாசிச்சு நீங்களே அடிங்க அண்ணாச்சி. பாஸ்வேர்டையும் இன்னைக்கே மாத்துங்க, எனக்குச் சொல்ல வேண்டாம்” என்றேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.