எட்சிங்: அமில அரிப்பு அச்சோவியம்

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் செப்புத்தகட்டுப் படங்களைத் தமிழில் பலர் ‘செதுக்கோவியம்’ என்று எழுதிவிடுகிறார்கள். செதுக்கோவியத்தில் உளி செம்பைத் தோண்டுகிறது. எட்சிங்கில் தோண்டுவது அமிலம். சொல்லின் வேரும் அதைத்தான் சொல்கிறது. ஆங்கிலத்துக்கு இச்சொல் டச்சின் ‘எட்சன்’ வழியாக வந்தது, டச்சுக்கு ஜெர்மனிலிருந்து. பழைய பொருள், ‘தின்னச் செய்தல்’. கரையான் அரிக்கிறது, துரு அரிக்கிறது என்கிறோமே, அந்த ‘அரி’ இங்கே அப்படியே பொருந்தும். அமில அரிப்பு அச்சோவியம் என்பது சரி, சுருக்கமாக, அரிப்போவியம்.

தேய்த்து மெருகேற்றிய செப்புத்தகட்டில் மெழுகுப்பூச்சு இட வேண்டும். ரெம்பிராண்டின் பெயரால் வழங்கும் கலவையில் மெழுகு 2 பங்கு, மஸ்டிக் பிசின் 1 பங்கு, நிலக்கீல் 1 பங்கு. ஊசியால் கீறும்போது பூச்சு மட்டும் விலகும். செம்பின் எதிர்ப்பு இல்லாததால் பேனா ஓடுவதுபோல் கை ஓடும். அவர் கோடுகளின் துள்ளல் இதனால் வந்தது. பிறகு அமிலக் குளியல். மெல்லிய கோடுகள் போதிய அளவு அரிக்கப்பட்டதும் தகட்டை எடுத்து, அவற்றை வார்னிஷால் மூடி, மற்றவற்றை மீண்டும் அமிழ்த்துவார்கள். தகட்டில் எண்ணெய்ப்பசை இருந்தால் பூச்சு ஒட்டாது. அமிலம் அடியில் புகுந்து புள்ளிபுள்ளியாகக் கடித்துவிடும். நெருக்கமான கோடுகளை அதிக நேரம் விட்டால் இடைச்சுவர் இடிந்து, மை நிற்காத பள்ளமாகும். கறுப்பு வர வேண்டிய இடம் வெளிறும். கடைசியில் பூச்சைக் கழுவி, கோடுகளில் மை ஏற்றி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து உருளை அச்சில் அழுத்தினால் படம் இடவலம் மாறி விழும்.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1620களின் பிற்பகுதியில் தொடங்கி ரெம்பிராண்ட் ஏறத்தாழ 300 தகடுகள் செய்தார். தொடக்ககாலப் பிச்சைக்காரர் படங்களில் பிரெஞ்சுக் கலைஞர் ஜாக் கலோவின் தாக்கம் தெளிவு. டச்சுக் கலைஞர் ஹெர்குலஸ் செகர்ஸ் மீது ரெம்பிராண்டுக்கு இருந்த மதிப்பு இன்னும் ஆழமானது. செகர்ஸ் செய்த ‘தோபியாவும் தேவதூதனும்’ தகட்டையே வாங்கி, 1653 வாக்கில் உருவங்களைச் சுரண்டி, எகிப்துக்குத் தப்பியோடும் திருக்குடும்பமாக (குழந்தை இயேசு, மரியா, யோசேப்பு) மாற்றினார். செகர்ஸின் நிலக்காட்சியில் பெரும்பகுதியைத் தொடவில்லை. மரங்களுக்கிடையே தேவதூதனின் சிறகுத்தடம் இன்றும் தெரிகிறது.

ஆனால் ரெம்பிராண்டின் ‘மூன்று சிலுவைகள்’ (1653) படத்தை அரிப்போவியம் என்று சொல்லக்கூடாது. அங்கே அமிலமே இல்லை. ஊசியாலும் உளியாலும் செம்பை நேரடியாகக் கீறியது. கீறலோரம் எழும் பிசிறு மையைப் பிடித்து மென்கறுப்பு தரும், ஆனால் சில பத்துப் படிகளிலேயே நசுங்கிவிடும். அதற்கு ‘உலர்முனைக் கீறல்’ என்ற பெயர் பொருந்தும்.