கட்டியின் அக்கம்பக்கம்

பெருங்குடலிலிருந்து அறுத்தெடுத்த கட்டியை மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பாருங்கள். புற்றுசெல்கள் கோணல்மாணலான வளையங்களாக அங்கங்கே கிடக்கும். அவற்றுக்கு இடையிலெல்லாம் வேறொரு கூட்டம்: இளஞ்சிவப்பாகக் கொலாஜன் நார்கள், அந்த நார்களைப் பின்னும், இருமுனையும் கூராக நீண்ட ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள், இரத்தக் குழாய்கள், கருநீலப் புள்ளிகளாக நோய் எதிர்ப்பு செல்கள். சில கட்டிகளில் பாதிக்கு மேல் இந்தக் கூட்டம்தான். நெடுங்காலம் இதை வெறும் இடநிரப்பி என்றே எண்ணினார்கள். நோயின் போக்கில் பெரும்பங்கு இங்கேதான் தீர்மானமாகிறது.

நலமான குடலிலும் அக்கம்பக்கம்தான் எஜமான். உட்சுவரின் குழிகளுக்கு அடியில், புதிய செல்களைப் பிறப்பிக்கும் தண்டு செல்கள் இருக்கின்றன. அருகிலுள்ள ஃபைப்ரோபிளாஸ்ட்கள் அனுப்பும் சமிக்ஞை கிடைத்துக்கொண்டிருக்கும்வரை அவை இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். பிறந்த செல்கள் மேலேற மேலேற அந்தச் சமிக்ஞை குறைந்து, பிரிவதும் நிற்கும். ஏபிசி என்ற மரபணு பழுதானால் செல் இந்த உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்களில் நேர்வது இதுதான்.

ஆனால் கட்டி தனியாக வளர்வதில்லை. காயம்பட்டால் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஓடிவந்து நார் பின்னும், வேலை முடிந்ததும் அடங்கும். கட்டியைச் சுற்றி அவை அடங்குவதே இல்லை. 1986-இல் நோயியல் அறிஞர் ஹெரால்டு டுவோராக் புற்றுக்கட்டிகளை ‘ஆறாத புண்கள்’ என்றார். இதைவிடப் பொருத்தமான பெயரை நான் கண்டதில்லை.

இங்கே முக்கியமான மூலக்கூறு டிஜிஎஃப்-பீட்டா. குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு அது ‘போதும், நிறுத்து’ என்னும் கட்டளை. பல புற்றுசெல்கள் அதைக் கேட்கும் திறனையே மரபணு மாற்றத்தால் இழந்துவிடுகின்றன. ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்கோ அது நன்றாகவே கேட்கிறது: அவை நாரை இறுக்குகின்றன, கட்டி பரவ உதவும் பொருள்களைச் சுரக்கின்றன. அதே மூலக்கூறு, புற்றைக் கொல்ல வரும் டி செல்கள் என்னும் நோய் எதிர்ப்பு செல்களை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. நோய் மீண்டும் வருமென்று முன்னறிவித்த மரபணுத் தடயங்களில் பல, புற்றுசெல்களிலிருந்து அல்ல, இந்த அண்டைச் செல்களிலிருந்தே வந்தவை என்று 2015-இல் தெரியவந்தது.

அப்படியானால் ஃபைப்ரோபிளாஸ்ட்களை ஒழித்துவிடலாமே? கணையப் புற்றுள்ள எலிகளில் செய்து பார்த்தார்கள். நோய் இன்னும் மூர்க்கமானது. அவற்றில் சில, கட்டிக்கு வேலியாகவும் நிற்கின்றன. ஆகவே அவற்றை அழிப்பதைவிட, அமைதி நிலைக்குத் திருப்பும் வழியைத்தான் ஆய்வாளர்கள் இப்போது தேடுகிறார்கள்.

டி செல்களின் கதை நம்பிக்கை தருகிறது. கட்டிக்குள்ளும் விளிம்பிலும் அவை எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று 2006-இல் ஜெரோம் காலோன் குழுவினர் எண்ணிப் பார்த்தார்கள். நோயாளி எவ்வளவு காலம் வாழ்வார் என்பதை, நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை வைத்துச் செய்யும் வழக்கமான நிலைப் பகுப்பைவிட அந்த எண்ணிக்கை துல்லியமாகச் சொன்னது.