கொடியில் காயும் வேட்டி கற்றுத்தரும் போட்டோ பாடம்

நல்ல போட்டோ வேண்டுமென்றால் நல்ல இடத்துக்குப் போக வேண்டும் என்று மொரிஷியஸில் பலரும் நம்புகிறோம். ஞாயிறு வந்தால் ல மோர்ன் கடற்கரை, ஷமரேல் நீர்வீழ்ச்சி என்று வண்டி கிளம்பிவிடுகிறது. அழகான இடங்கள்தான். ஆனால் படம் எடுக்கப் பழகுபவருக்கு, வீட்டுக் கொல்லையில் கொடியில் காயும் ஒரு வெள்ளை வேட்டி அவற்றைவிட அதிகம் சொல்லித்தரும். காரணம் நம் மூளை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது.

விழித்திரையில் மிகக் கூர்மையாகப் பார்க்கும் பகுதி சுமார் 2 பாகை அகலம்தான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் மறைக்கும் அளவு. கண் நொடிக்கு மூன்று நான்கு முறை தாவித் தாவி இப்படிச் சின்னத் துண்டுகளாகப் பார்க்கிறது. மூளை அவற்றைச் சேர்த்து முழுக் காட்சியாக்குகிறது. சேர்க்கும்போதே திருத்தவும் செய்கிறது. மர நிழலில் கிடக்கும் வெள்ளைத் துணியின் மீது வானத்தின் நீல ஒளிதான் விழுகிறது, ஆனாலும் நமக்கு அது வெள்ளையாகவே தெரியும். வெயிலில் நிற்பவரின் முகத்தில் பாதி இருட்டாக இருந்தாலும் முழு முகமும் தெளிவாகத் தெரிவதாகவே நினைப்போம். கேமராவுக்குள் ஒளியைப் பதிவு செய்யும் சென்சாருக்கு இந்தப் பரிவு கிடையாது. படம் எடுக்கும் திறமை என்பதில் பெரும் பங்கு, மூளை திருத்துவதற்கு முன் ஒளி எப்படி இருந்தது என்று ஊகிக்கும் பழக்கம்தான்.

அந்தப் பழக்கத்துக்கு வேட்டி ஏன்? அது மாறாது. வெள்ளை, பருத்தி, அதே கொடி, அதே கொல்லை. அதனால் இரண்டு படங்களுக்கு நடுவே வித்தியாசம் தெரிந்தால் அது ஒளி செய்த வித்தியாசம் என்று நிச்சயமாகச் சொல்லலாம். புதுப்புது இடங்களில் எல்லாமே ஒன்றாக மாறிவிடுவதால், படம் நன்றாக வந்தாலும் ஏன் வந்தது என்று பிடிபடாது.

முதலில் நிறம். போனில் ‘ப்ரோ’ அமைப்பு இருந்தால் வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைத் திருத்தும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியிலிருந்து எடுத்து ‘வெயில்’ என்பதில் நிறுத்திவிடுங்கள். காலை, மதியம், மாலை, நிழல் என்று அதே வேட்டியை எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். காலையில் மஞ்சள், மதியம் வெள்ளை, நிழலில் தெளிவான நீலம். சூரியன் தொடுவானத்தில் இருக்கும்போது அதன் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல் ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிடச் சுமார் நான்கு மடங்கு அதிகமாகச் சிதறடிப்பதால், நீலம் வழியிலேயே கழன்று மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. அப்படிச் சிதறிய நீலம்தான் வானத்திலிருந்து இறங்கி நிழலில் விழுகிறது.

அடுத்தது வெளிச்ச அளவு. வேட்டி மட்டும் பிரேம் முழுக்க நிறையும்படி எடுங்கள். பிறகு ஒரு கறுப்புக் குடையை அதேபோல் எடுங்கள். இரண்டுமே சாம்பல் பக்கம் சாய்ந்து வரும். கேமராவின் ஒளிமானி, எதிரில் இருப்பது சுமார் 18 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் போன்றது என்ற ஊகத்தில் கணக்குப் போடுகிறது. வெளுத்த துணி அதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியைத் திருப்பும். இன்றைய போன்கள் காட்சியை ஓரளவு அடையாளம் கண்டு சரிசெய்தாலும் இந்தச் சாய்வு முழுதாகப் போவதில்லை. வெள்ளைக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, கூட்ட வேண்டும், கறுப்புக்குக் குறைக்க வேண்டும். கேட்டால் தலைகீழாகத் தோன்றும். துணியையும் குடையையும் சில நாள் எடுத்தவருக்குக் கை தானாகவே அந்தப் பக்கம் போகும்.

வெயில் துணியின் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வரும் வேளையில் நெசவின் ஒவ்வொரு இழையும் சின்ன நிழல் போடும். நேர் எதிரே வெயில் விழுந்தால் அதே துணி தட்டையாகிவிடும். அப்புறம், நம் தீவுக்குத் தென்கிழக்குக் காற்று இருக்கவே இருக்கிறது. படபடக்கும் முந்தியை, ஒளி உள்ளே விழும் நேரமான ஷட்டரை 1/500 நொடியில் வைத்து ஒருமுறை, 1/15 நொடியில் வைத்து ஒருமுறை எடுத்தால் வேகத்தைப் பற்றித் தனியாகப் பாடம் வேண்டாம்.

இங்கே நம் தீவுக்கே உரிய ஒரு விஷயம். முகப்படத்துக்கு வடக்கு ஜன்னல் ஒளிதான் சிறந்தது என்று பல கையேடுகளில் இருக்கும். அது நிலநடுக்கோட்டுக்கு வெகு வடக்கே வாழ்பவர்களுக்கான அறிவுரை. அங்கே வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் விழாது. நாம் இருப்பது தெற்கே 20 பாகையில். ஆண்டின் பெரும்பகுதி நம் மதியச் சூரியன் வடக்கில் நிற்கிறது. ஆகவே நமக்கு வேண்டியது தெற்கு ஜன்னல். அதேபோல் போர்ட் லூயிஸில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போது, சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கும் க்யூர்பீப்பில் தூறிக்கொண்டிருக்கும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேட்டில் ஏறிக் குளிர்ந்து மேகமாவதால் இப்படி. அரை பாகை அகலமுள்ள சூரியன் கூரான நிழல் போடுகிறது. மேகம் மூடினால் வானம் முழுவதுமே விளக்காகி நிழல் கரைந்துவிடுகிறது. க்யூர்பீப்காரர்கள் வெளிச்சம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. முகங்களுக்கு அதைவிட நல்ல ஒளி கிடைப்பது அரிது.

இதெல்லாம் தெரிந்துவிட்டால் போதுமா? போதாது. அழுத்துவதற்கு முன், படம் எப்படி வரும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு அழுத்த வேண்டும். 1990-களில் நரம்பியல் ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் நடத்திய ஆய்வுகளில், கற்றலில் பங்குள்ள டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை நரம்புச் செல்கள் கிடைத்த பரிசைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளிக்கே அதிகம் துடித்தன. எதிர்பார்ப்பே இல்லையென்றால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. நூறு படங்களைப் படபடவென்று எடுத்துத் தள்ளுவதைவிட, ஊகித்து எடுத்த மூன்று படங்களில் கற்றல் அதிகம் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

தோட்டத்துப் பறவைகளிடம் போகும்போது இந்தப் பழக்கம் கைகொடுக்கும். மடகாஸ்கரிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்ட செங்குருவியை நாம் கார்டினல் என்கிறோம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் பறவை பளீரென்று சிவந்திருக்கும். படத்திலோ இறகுகளே தெரியாமல் ஒரு சிவப்புத் திட்டாக வரும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பைத்தான் பெரும்பாலான சென்சார்கள் இன்றும் பின்பற்றுகின்றன: நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சைக்கு, ஒன்று நீலத்துக்கு, ஒன்று சிவப்புக்கு. சிவப்பு இறகிலிருந்து பச்சையும் நீலமும் கொஞ்சமே வருவதால், மொத்த வெளிச்சம் குறைவு என்று எண்ணி கேமரா எக்ஸ்போஷரை ஏற்றுகிறது. அதற்குள் சிவப்புப் புள்ளிகள் மழையில் வைத்த குடம்போல் நிரம்பி வழிந்துவிடுகின்றன. நிரம்பிய பிறகு எந்த இறகில் ஒளி கூட, எதில் குறைவு என்ற கணக்கு தொலைந்துபோகிறது. எக்ஸ்போஷரை ஒரு படி இறக்குங்கள், இறகுகள் திரும்பி வரும். நவம்பர், டிசம்பரில் சிவப்பாகப் பூத்துக் குலுங்கும் ஃப்ளாம்ப்வாயான் மரத்துக்கும் இதே மருந்து.

போட்டோ எடுப்பதே நினைவைக் கெடுக்கும் என்ற கவலை பலருக்கு உண்டு. 2014-இல் வெளியான உளவியலாளர் லிண்டா ஹென்கலின் ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிட அவற்றைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. எதை எடுக்கிறோம் என்று தேர்ந்தெடுக்கும் கவனம்தான் காப்பாற்றியிருக்க வேண்டும். வேட்டி முழுவதையும் எடுக்காமல் அதன் கரையை மட்டும், மடிப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்தனை பயிற்சியும் தைப்பூசக் காவடியின்போது பயன்படும். ஜனவரி 20-ஐ ஒட்டி மதியச் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேல் நிற்கிறது. கோர் தெ கார்த் மலைச் சரிவில் முருகன் கோயிலுக்கு ஏறும் பக்தர்களின் கண்குழிகள் படத்தில் கறுத்துப்போவது இதனால்தான். அவர்கள் மண்டப விளிம்புக்கு வரும்வரை பொறுத்திருந்தால், உச்சி வெயில் கூரையில் தடுக்கப்பட்டு, வெளித்தரையில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தில் கீழிருந்து விழும். பிளாஷ் வேண்டாம், அலகு குத்தியிருப்பவரை அவர் சம்மதம் இல்லாமல் நெருங்கியும் எடுக்க வேண்டாம். விரதம் தொடங்கும் நாளிலிருந்தே மதிய வேளையில் வீட்டில் யாரையாவது வாசல் விளிம்பில் நிறுத்தி, ஓர் அடி உள்ளே, ஓர் அடி வெளியே என்று எடுத்துப் பழகிக்கொள்ளுங்கள்.