அமாரோ: காப்பிக்குப் பின் வரும் கசப்பு

இத்தாலியின் மூலிகை மது ஒன்றின் பெயரைப் பலரும் 'அமரோ' என்று எழுதுகிறார்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் 'அமரர்' என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது மதுவின் பெயராகத் தோன்றாது. இத்தாலியர்கள் நடு எழுத்தை நீட்டி 'அமாரோ' என்றுதான் சொல்கிறார்கள். பன்மையில் 'அமாரி'.

கசப்பைக் குறிக்கும் 'அமாருஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியில் சர்க்கரை போடாத காப்பியும் 'அமாரோ'தான். அந்தப் பண்புச் சொல்லே நாளடைவில் ஒரு மது வகைக்கும் பெயராகிவிட்டது. வேர், பட்டை, மூலிகை, ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றைச் சாராயத்தில் ஊறவைத்து, வடிகட்டி, இனிப்புச் சேர்த்துச் செய்வார்கள். கசப்புக்குப் பெரும்பாலும் ஜென்ஷியன் என்ற செடியின் வேர். சிலவற்றில் சின்கோனா பட்டையும் உண்டு. மிலானில் 1845இல் தோன்றிய ஃபெர்னெத் பிராங்கா என்ற அமாரோவில் 27 மூலிகைகள், 39 விழுக்காடு ஆல்கஹால். முதல் மடக்கில் முகம் சுளிக்காதவர் குறைவு. சிசிலியின் கால்தானிசெத்தாவில் 1868இல் பிறந்த அவெர்னா இனிப்பானது. புதியவர்கள் அதில் தொடங்குவதே நல்லது.

இத்தாலியில் 'பார்' என்றால் காலையில் காப்பி குடிக்கும் கடையும்தான். அங்கேயே பின்னலமாரியில் அமாரோ புட்டிகள் வரிசையாக நிற்கும். உணவகமானால் பட்டியலின் கடைசியில், 'திஜெஸ்தீவி' என்ற செரிமான மதுக்களுக்குக் கீழே தேடவேண்டும். சாப்பாடு, பிறகு காப்பி, அதற்கும் பிறகு இது. அப்படி வருவதற்கு 'காப்பியைக் கொல்வது' என்றே ஒரு செல்லப்பெயர் உண்டு. கம்பாரி என்ற இத்தாலிய மதுவை இங்கே தேடவேண்டாம். அதுவும் கசப்புதான், ஆனால் சாப்பாட்டுக்கு முன் குடிப்பது. அதற்கு இத்தாலியர்கள் வைத்திருக்கும் பெயரோ வெளியிலிருந்து வந்த 'பிட்டர்'! இத்தாலிக்கு வெளியே என்றால் அர்ஜென்டினாவின் கோர்தோபா: அங்கே ஃபெர்னெத்தைக் கோலாவில் கலந்து குடிக்கிறார்கள்.

தமிழில் என்ன சொல்வது? 'கசாயம்' பொருந்தாது, அது நீரில் காய்ச்சி இறக்குவது. 'மூலிகை ஊறல்' செய்முறைக்கு நெருக்கமானதுதான். ஆனால் சாராய ஊறலைப் போலீசார் கொட்டி அழித்த செய்தி நினைவுக்கு வந்து தொலைக்கிறது. 'கசப்பு மது' என்றால் பீரும் அதில் அடங்கிவிடும்.

என் தேர்வு 'கைப்புத் தேறல்'. கசப்புக்குக் கைப்பு பழைய பெயர். தேறல் என்பது தெளிந்த மது. 'தேறு' என்றால் தெளிதல். வடிகட்டித் தெளியவைத்த அமாரோவுக்கு அது பொருந்துகிறது. தேறல் உள்ளூர்க் கள்ளுக்கு மட்டுமே உரிய சொல் என்றும் சொல்லமுடியாது. யவனர் கலங்களில் கொண்டுவந்த மதுவைப் புறநானூற்றின் 56ஆம் பாட்டு தேறல் என்றே குறிக்கிறது.

இனிப்பு இந்தப் பெயரில் விடுபட்டுப்போகிறது என்று ஒருவர் குறை சொல்லலாம். 'அமாரோ'விலும் அது இல்லையே.