காப்புரிமை: ‘பேட்டண்ட்’ என்னும் சொல்லின் பொருளும் வழியும்

மலேசியாவின் கூலிம் நகரைச் சுற்றியுள்ள ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர், 1996ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட உயர் தொழில்நுட்பப் பூங்காவின் மின்னணுத் தொழிற்சாலைகளில் இன்று வேலை செய்கின்றனர். அவர்கள் வழியாக வீட்டுப் பேச்சுக்குள் வந்துவிட்ட சொற்களில் ‘பேட்டண்ட்’ ஒன்று. ஆனால் அது வந்து சேர்ந்திருக்கும் பொருள் சரியானதன்று. தொழிற்சாலைக்குள் கைபேசியால் படம் எடுக்கக் கூடாது, ஏனென்றால் அங்குள்ளவை எல்லாம் ‘பேட்டண்ட்’ என்று சொல்லக் கேட்கிறோம். அதாவது, பிறர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கப்பட்ட ஒன்று என்பதே அச்சொல்லுக்குப் பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். சொல்லின் பிறப்போ இதற்கு நேர் எதிரானது.

‘திறந்திருத்தல்’ என்னும் பொருளுடைய ‘பதேரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது பேட்டண்ட். இடைக்கால ஐரோப்பிய அரசர்கள் இரண்டு வகை ஓலைகளை அனுப்பினார்கள். ஒன்று மடித்து முத்திரையிடப்பட்டு, உரியவர் மட்டுமே உடைத்துப் படிக்க வேண்டியது. மற்றொன்று, முத்திரை அடியில் தொங்க, யாவரும் படிக்கும்படி விரித்து வைக்கப்பட்ட திறந்த ஓலை. பதவி, நிலம், வணிக உரிமை ஆகியவற்றை அரசர் ஒருவருக்கு வழங்கியதை ஊரறியச் செய்தது இந்தத் திறந்த ஓலையே. புதிய கைத்தொழிலைக் கொண்டுவந்தவருக்கு அதைச் செய்யும் தனியுரிமையும் இவ்வகை ஓலையாலேயே தரப்பட்டது. வெனிஸ் நகர அரசு 1474இல் இயற்றிய சட்டம் புதிய கருவியைச் செய்தவருக்குப் பத்தாண்டுப் பாதுகாப்பு அளித்தது. இங்கிலாந்தின் 1624ஆம் ஆண்டுச் சட்டம் அக்காலத்தைப் பதினான்கு ஆண்டுகள் என வரையறுத்தது. காலப்போக்கில் ஓலை என்ற பகுதி உதிர்ந்து, ‘திறந்த’ என்ற அடைமொழியே பெயராக நின்றுவிட்டது. மலாய் மொழியின் ‘பாத்தேன்’ என்பதும் இதே சொல்தான்.

இன்றைய சட்டத்திலும் அந்தத் திறப்பு அப்படியே இருக்கிறது. ஒரு பொருளையோ செய்முறையையோ புதிதாக உருவாக்கியவர், அத்துறையில் தேர்ந்த வேறொருவர் படித்துத் தாமும் செய்யக்கூடிய அளவுக்கு அதை முழுமையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறர் அதைச் செய்வதையும் விற்பதையும் தடுக்கும் உரிமையை அரசு அவருக்குத் தருகிறது. மலேசியாவில் 1983ஆம் ஆண்டுச் சட்டம், 1986 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. இப்போது அவ்வுரிமை விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள் நீடிக்கிறது. விண்ணப்பம் பொதுவாகப் பதினெட்டு மாதங்களுக்குப் பின் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகிறது. ஆகவே, தொழிற்சாலையில் படம் எடுக்கத் தடை விதிப்பது பேட்டண்ட் அன்று. எந்த வளியை எவ்வளவு நேரம், எந்த வெப்பத்தில் செலுத்துவது என்பன போன்ற, எங்கும் எழுதி வெளியிடப்படாத செய்முறைக் குறிப்புகளே அங்குக் காக்கப்படுகின்றன. அவற்றுக்கு ‘வணிக இரகசியம்’ என்ற வேறு பெயர் உண்டு.

மின்னணுச் சில்லுகளைச் செய்யும் குறைக்கடத்தித் (செமிகண்டக்டர்) துறையின் வரலாறே இத்திறந்த ஓலைகளில் எழுதப்பட்டிருக்கிறது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் ஜாக் கில்பி, ஒரே குறைக்கடத்தித் துண்டில் முழு மின்சுற்றையும் அமைக்கும் முறைக்கு 1959 பிப்ரவரியில் விண்ணப்பித்தார். ஜெர்மானியம் என்னும் தனிமத்தில் அவர் செய்துகாட்டிய மாதிரியில் உறுப்புகளை இணைத்தவை, மேலே வளைந்து நின்ற மெல்லிய தங்கக் கம்பிகள். அதே ஆண்டு ஜூலையில் ஃபேர்சைல்டு நிறுவனத்தின் ராபர்ட் நாய்ஸ், சிலிக்கானில் அத்தகைய மின்சுற்றை அமைக்கும் முறைக்கு விண்ணப்பித்தார். அவருடைய சக ஊழியர் ஜான் ஹோர்னி, சிலிக்கான் மேல் வளர்ந்த ஆக்சைடு படலத்தைக் கழுவிவிடாமல் அங்கேயே காப்பாக விட்டுவைக்கும் சமதள முறையை முன்னரே வகுத்திருந்தார். அப்படலத்தின் மேல் அலுமினியக் கோடுகளைப் படியச் செய்து உறுப்புகளை இணைப்பதே நாய்ஸின் வழி. பின்னால் விண்ணப்பித்த நாய்ஸுக்கு 1961இலும், முன்னால் விண்ணப்பித்த கில்பிக்கு 1964இலும் உரிமை கிடைத்தன.

இணைப்புக் கோடுகளை முதலில் புனைந்தவர் யார் என்ற வழக்கு, கடைசியில் ஒரு சொல்லில் வந்து நின்றது. கில்பியின் விண்ணப்பத்தில் தங்கம் காப்புப் படலத்தின் மேல் ‘இடப்படுகிறது’ என்று இருந்தது. நாய்ஸின் உரிமைக்கோரலில் உலோகம் படலத்தோடு ‘ஒட்டியிருக்கிறது’ என்று இருந்தது. இடப்படுவதெல்லாம் ஒட்டியிருப்பதாகப் பொருள்படும் எனக் கில்பி தரப்பு நிறுவவில்லை என்று கூறி, 1969இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கோரலை நாய்ஸுக்கு அளித்தது. ஒரு வினைச்சொல்லின் பொருள் எல்லை ஒரு தொழில்துறையின் உரிமையைத் தீர்மானித்ததால்தான், இத்துறைத் தமிழ்ச் சொற்களையும் தளர்வாகக் கையாளக் கூடாது என்று நான் வலியுறுத்துகிறேன்.

தமிழில் ‘காப்புரிமை’, ‘காப்புரிமம்’, ‘புனைவுரிமை’ ஆகியவை வழங்குகின்றன. ‘புனைதல்’ என்பதற்கு ஆக்குதல், தொடுத்தல் என்ற பழம்பொருள் உண்டு. மாலை புனைகிறோம், கவிதை புனைகிறோம். ஆயினும் புனைகதை என்ற வழக்கால், இன்று அச்சொல் கற்பனை என்னும் சாயலைப் பெற்றுவிட்டது. ‘காப்புரிமம்’ மற்றொரு வகையில் இடர் தருகிறது. ஓட்டுநர் உரிமம், வணிக உரிமம் என்று நாம் எழுதும் ‘உரிமம்’ லைசன்ஸைக் குறிக்கிறது. உரிமையுடையவர் இன்னொரு நிறுவனத்துக்குக் கட்டணம் பெற்று அளிக்கும் இசைவும் அதுவே. ஃபேர்சைல்டும் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸும் தீர்ப்புக்குக் காத்திராமல் 1966இலேயே ஒருவருக்கொருவர் அத்தகைய உரிமங்களை வழங்கிக்கொண்டன. இவ்விரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் அந்த உடன்படிக்கையைத் தமிழில் விளக்கவே இயலாது.

எனவே பேட்டண்டுக்குக் ‘காப்புரிமை’யே தக்கது என்பது என் முடிவு. ‘கா’ என்னும் வேரிலிருந்து வந்த ‘காப்பு’ இங்குக் காப்பது அறிவையன்று, செய்பவரின் உரிமையை என்று கொள்ள வேண்டும். நூல்களுக்கும் பாடல்களுக்கும் ‘பதிப்புரிமை’ இருக்கும்போது, அங்கும் ‘காப்புரிமை’ என எழுதும் இதழ்களின் வழக்கம் கைவிடப்பட வேண்டும். அதுபோலவே, இயற்கையில் முன்பே இருப்பதை அறிந்துகொள்வதற்கும், இல்லாததை உருவாக்குவதற்கும் ‘கண்டுபிடிப்பு’ என்ற ஒரே சொல்லை ஆள்வதும் பிழைக்கு இடம் தருகிறது. முன்னதற்கும், அறிவியல் கோட்பாட்டுக்கும், கணித முறைக்கும் நம் சட்டம் காப்புரிமை வழங்குவதில்லை.

தமிழ்ப்பள்ளி மாணவர்கள் புத்தாக்கப் போட்டிகளில் பதக்கம் பெறும் செய்திகளில், ‘காப்புரிமை பெற்றது’, ‘காப்புரிமைக்கு விண்ணப்பித்துள்ளது’ என்னும் தொடர்களை வேறுபடுத்தி எழுதுவது மிகவும் தேவை. விண்ணப்பம் பரிசோதனைக்குப் பின்னரே உரிமையாகிறது. போட்டியில் வென்ற பதக்கம் இரண்டும் ஆகாது. தாமே பொதுவெளியில் காட்டிய ஒன்றுக்கு ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால், மலேசியச் சட்டம் அதன் புதுமை கெட்டதாகக் கொள்வதில்லை. ஐரோப்பியச் சட்டத்தில் இத்தகைய பொதுவான சலுகை இல்லை. ஆகவே, வெளிநாட்டிலும் உரிமை பெற எண்ணும் ஆசிரியர்கள், மாணவர்களின் படைப்பைக் கண்காட்சி மேடைக்கு ஏற்றும் முன்பே விண்ணப்பத்தைப் பதிந்துவிட வேண்டும்.