என்.சி.சி.யில் சேர்ந்தால் வெளிநாடு கூட்டிப் போவார்களா? காரைக்குடிப் பக்கத்துப் பெற்றோருக்கு ஒரு விளக்கம்

கல்லூரிகள் திறந்து என்.சி.சி. (தேசிய மாணவர் படை) சேர்க்கை தொடங்கியதும் காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் வழக்கமாக ஒரு கேள்வி கிளம்பும்: "சேர்ந்தா ஃபாரின் கூட்டிட்டுப் போவாங்களாமே, அதுக்கு எவ்வளவு கட்டணும்?" கூட்டிப் போவது உண்மைதான். அதற்குக் கட்டணம் இல்லை. ஆனால் விண்ணப்பப் படிவமும் இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. 'வெளிநாட்டு சாகசப் பயிற்சி, கேடட்டுகளுக்கு முன்பதிவு' என்று யாராவது ஒரு தாளை நீட்டி முன்பணம் கேட்டால், அது தேசிய மாணவர் படையின் திட்டம் இல்லை. அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அப்படியென்றால் போகிறவர்கள் எப்படிப் போகிறார்கள்? படைக்குள்ளேயே படிப்படியாகத் தேர்வாகிப் போகிறார்கள். அந்தப் படிகளை முதல் ஆண்டிலேயே தெரிந்துகொண்ட பிள்ளைக்கு வாய்ப்பு உண்டு. மூன்றாம் ஆண்டில் விசாரிக்க ஆரம்பிப்பவருக்குப் பெரும்பாலும் இல்லை.

தேசிய மாணவர் படை 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. படை தொடங்கிய அதே 1948 ஜூலையில்தான் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்கு நேரு அடிக்கல் நாட்டினார். அந்தக் கணக்கில் இரண்டும் ஒரே மாதத்துப் பிள்ளைகள். பள்ளி மாணவர்களுக்கு ஜூனியர் பிரிவு. கல்லூரி மாணவர்களுக்கு சீனியர் பிரிவு. வெளிநாட்டுப் பயணம் என்று பேசும்போது பெரும்பாலும் சீனியர் பிரிவைத்தான் நினைக்க வேண்டும்.

திட்டத்தின் பெயர் இளைஞர் பரிமாற்றத் திட்டம். கேடட்டுகள் வாயில் அது ஒய்.இ.பி. நட்பு நாடுகளின் மாணவர் படைகளோடு நம் படை செய்துகொண்ட ஏற்பாடு இது. அவர்கள் பிள்ளைகள் இங்கே வருவார்கள், நம் பிள்ளைகள் அங்கே போவார்கள். போய்ச் சேரும் செலவு அனுப்புகிற நாட்டுடையது. தங்க வைத்துச் சாப்பாடு போடுவது அழைக்கிற நாட்டின் பொறுப்பு. வங்கதேசம், பூட்டான், நேபாளம், இலங்கை, மாலத்தீவு, சிங்கப்பூர், வியட்நாம், ரஷ்யா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான் ஆகியவை இந்தத் திட்டத்தில் இடம்பெற்ற நாடுகள். எல்லா ஆண்டும் எல்லா நாட்டுக்கும் குழு போவதில்லை. எந்த நாடு என்பதைத் தலைமையகம்தான் முடிவு செய்யும். கேடட் தேர்ந்தெடுக்க முடியாது. சிங்கப்பூரும் சைகோனும் செட்டிநாட்டுக்காரர்களுக்குப் புதிய ஊர்களா என்ன? ஐயாக்கள் கொண்டுவிற்கப் போன ஊர்கள்தான். பேரப்பிள்ளை அரசாங்கச் செலவில் யூனிஃபார்மோடு போவதுதான் புதுசு.

அங்கே என்ன நடக்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். முகாம் வாழ்க்கை, நீண்ட நடைப்பயணம், தடை தாண்டுதல், பாறையேற்றம், துப்பாக்கி சுடுதல், அந்நாட்டு மாணவர்களோடு சமூகப் பணி, ஒரு கலை நிகழ்ச்சி என்று போகும். ஊர் சுற்றிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் காலையில் எழுப்புவது விசில் சத்தம்தான்.

டெல்லிதான் வாசல்

ஒய்.இ.பி.க்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குடியரசு தின முகாமுக்கு, அதாவது ஆர்.டி.சி.க்குப் போனவர்களிலிருந்தே எடுக்கப்படுகிறார்கள். டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி கடைசியில் பிரதமர் கலந்துகொள்ளும் பேரணியோடு முடியும் இந்த முகாம், டெல்லி கண்டோன்மென்டில் கரியப்பா மைதானத்தில் நடக்கிறது. 2025 முகாமில் நாடு முழுவதிலிருந்தும் 2,361 பேர் கலந்துகொண்டார்கள், அதில் 917 பேர் பெண்கள். படையின் மொத்த எண்ணிக்கையோ பத்து லட்சங்களைத் தாண்டியது. எத்தனை பேரில் ஒருவருக்கு இந்த இடம் கிடைக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதிலும் வெளிநாடு போவது ஒரு சிறு பகுதிதான்.

டெல்லிக்குப் போகும் வழி கல்லூரி மைதானத்தில் தொடங்குகிறது. முதலில் உங்கள் கல்லூரி சேர்ந்திருக்கும் என்.சி.சி. பட்டாலியனில் தேர்வாக வேண்டும். அப்புறம் பல பட்டாலியன்கள் சேர்ந்த குரூப் அளவில் போட்டி. அதற்கும் மேலே தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் சென்னை டைரக்டரேட். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முகாம், ஒவ்வொரு முகாமிலும் கொஞ்சம் பேரைத் திருப்பி அனுப்புவார்கள். டிரில், உடல் தகுதி, கலை, பொது அறிவு எல்லாம் பார்ப்பார்கள். ஒய்.இ.பி. என்று வரும்போது எழுத்துத் தேர்வு, குழு விவாதம், நேர்முகம் மூன்றும் முக்கியம்.

இங்கே நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் இரண்டு. ஒன்று மொழி. டிரில் கட்டளைகள் இந்தியில் இருக்கும். 'சாவ்தான்', 'விஷ்ராம்' எல்லாம் ஒரு மாதத்தில் பழகிவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். குழு விவாதத்தில் ஆங்கிலத்தில் வாய் திறக்கத்தான் பழக வேண்டும். அதை முகாமுக்குக் கிளம்பும் வாரத்தில் ஆரம்பித்தால் நடக்காது.

இரண்டாவது, சொந்த ஊரைப் பற்றிப் பேசத் தெரியாதது. நேர்முகத்தில் "உன் ஊரில் என்ன விசேஷம்?" என்ற கேள்வி கட்டாயம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு நாட்டுக்கு நம் நாட்டின் முகமாக அனுப்புகிறார்கள், கேட்கத்தான் செய்வார்கள். "செட்டிநாடு சிக்கன்" என்று சொல்லிவிட்டு நிறுத்துகிற பிள்ளைகள் நிறைய. ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் எப்படி வார்க்கிறார்கள், வீட்டு நிலைக்கதவுக்கும் தூணுக்கும் பர்மாத் தேக்கு ஏன் வந்தது, ஊரணி எதற்கு வெட்டினார்கள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையின் கட்டம் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் நாலு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்த பிள்ளை தனியாகத் தெரியும். ஒரு சனிக்கிழமை ஆத்தங்குடிக்குப் போய்ப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்து வந்தாலே போதும். நேர்முகத்துக்கு இதைவிட மலிவான தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை.

இதற்கெல்லாம் அடியில் ஒரு சலிப்பான விஷயம் இருக்கிறது: பரேடு வருகைப் பதிவு. என்.சி.சி. நடத்தும் 'பி', 'சி' சர்டிபிகேட் தேர்வு எழுதவே 75 சதவீத வருகை வேண்டும், முகாமும் முடித்திருக்க வேண்டும். பத்து நாள் நடக்கும் ஆண்டுப் பயிற்சி முகாமைத் "தீபாவளி வருது, பிறகு பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் வீடுகள் நம் பக்கம் உண்டு. அந்த ஒரு முகாமை விட்டால் அடுத்த படிக்கு ஆளே இல்லை.

மலை வழி, கடல் வழி

சாகசம்தான் முக்கியம் என்கிற பிள்ளைக்கு இன்னொரு பாதை இருக்கிறது. இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. உத்தரகாசி, டார்ஜிலிங் போன்ற இடங்களில் உள்ள மலையேற்ற நிறுவனங்களின் பயிற்சிகளில் என்.சி.சி. கேடட்டுகளுக்கு இடம் ஒதுக்கப்படுகிறது. அடிப்படைப் பயிற்சி ஒரு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக நடக்கும். அதில் நல்ல தரம் வாங்கினால் மேல்நிலைப் பயிற்சி. அதிலிருந்து படையின் மலையேற்றக் குழுக்களுக்கு ஆள் எடுக்கிறார்கள்.

அந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதற்கு அண்மை உதாரணம் 2025 மே 18. அன்று என்.சி.சி.யின் 10 கேடட்டுகள், 5 ஆண்கள் 5 பெண்கள், நேபாளத்தின் வழியாக எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார்கள். உயரம் 8,848.86 மீட்டர். குழுவின் சராசரி வயது 19. படை இப்படி எவரெஸ்ட்டுக்குக் குழு அனுப்பியது அது மூன்றாவது முறை. முன்பு 2013, 2016. நேரே கூட்டிப்போய் ஏற்றிவிடவில்லை. முதலில் அபி கமின் என்ற மலையில் ஏற வைத்து, பனிக்காலப் பயிற்சி கொடுத்து, நடுவில் ஆட்களை வடிகட்டித்தான் அந்தப் பத்துப் பேர் மிஞ்சினார்கள்.

செட்டிநாடு பொட்டல் பூமி, இங்கே எங்கே மலையேறிப் பழக என்று கேட்கலாம். பிரான்மலை பக்கத்தில்தான் இருக்கிறது, பாரியின் பறம்புமலை என்று சொல்லப்படுகிற அதே மலை. முதுகில் பையை மாட்டிக்கொண்டு விடியற்காலையில் ஏறி இறங்கலாம். பனியைப் பழக்காது, மூச்சையும் முழங்காலையும் பழக்கும். சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் ஓடுவது வீரம் கிடையாது, அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

கடற்படைப் பிரிவில் இருக்கும் கேடட்டுகளுக்குக் கப்பல் வழி. கடற்படை, கடலோரக் காவல்படைக் கப்பல்கள் வெளிநாடு போகும்போது கேடட்டுகளை ஏற்றிச் செல்வதுண்டு. 2024-இல் 'சமுத்ர பஹரேதார்' கப்பலில் 25 கேடட்டுகள் பிலிப்பைன்ஸ், வியட்நாம், புருனை போய்க் கடற்கரைத் தூய்மைப் பணியில் கலந்துகொண்டார்கள். நம் வட்டாரத்தில் பெரும்பாலும் தரைப்படைப் பிரிவுதான் என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

பாஸ்போர்ட்டை இப்போதே எடுங்கள்

பட்டியலில் பெயர் வந்தபின் பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளலாம் என்று இருப்பதுதான் பெரிய ஆபத்து. வாய்ப்பு வந்தால் நாட்கள் குறைவாக இருக்கும். தட்காலில் கூடுதலாக 2,000 ரூபாய் கட்டலாம், ஆனால் பெயர்க் குழப்பத்தைத் தட்கால் தீர்க்காது.

பெயர்க் குழப்பம் என்றால் நம் இனிஷியல்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'கரு. மெய்யப்பன்' மாதிரி இனிஷியலோடு இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், என்.சி.சி. பதிவில் மூன்றாவது ஒரு வடிவம் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுத வேண்டும். முதலில் ஆதாரையும் பள்ளிச் சான்றிதழையும் ஒத்துப்போக வைத்து, அதே எழுத்துக்கூட்டலை என்.சி.சி. பதிவிலும் கொடுங்கள். நகரத்தார் வீடுகளில் சுவீகாரம் போன பிள்ளைகளுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் பெற்ற அப்பா பெயர், பள்ளியில் சுவீகார அப்பா பெயர் என்று இருந்தால் கேள்வி வரும். பதிவு செய்த தத்துப் பத்திரம் கையில் இருந்தால் வேலை சுலபம்.

பதினெட்டு நிறையாத பிள்ளைக்குப் பெற்றோர் இருவரின் சம்மத உறுதிமொழியும் வேண்டும். அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலையில் இருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டிவரலாம். அதற்கும் நாள் ஒதுக்குங்கள். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணக் கட்டணம் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், சிறாருக்கு 1,000. செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது: சிவகங்கை மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ், புதுக்கோட்டை மாவட்டம் திருச்சியின் கீழ். இப்போது எங்கிருந்தும் விண்ணப்பிக்கலாம் என்றாலும், போலீஸ் விசாரணை நீங்கள் கொடுத்த முகவரிக்குத்தான் வரும். விடுதி முகவரியைக் கொடுத்துவிட்டு லீவுக்குக் கானாடுகாத்தானுக்கு வந்துவிட்டால், விசாரணைக்கு வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டுப் போவார்.

நேபாளம், பூட்டானுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டியதில்லை, வாக்காளர் அட்டையே போதும். அதை நம்பிப் பாஸ்போர்ட் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். எந்த நாட்டுக்கு இடம் விழும் என்று முன்கூட்டித் தெரியாது.

பணம், படிப்பு, பாதுகாப்பு

யூனிஃபார்ம் தொகை இப்போது கேடட்டின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. அதற்காக ஸ்டேட் பாங்கில் இருப்புத் தொகை இல்லாத கணக்குத் தொடங்கும் ஏற்பாடு 2022-இல் வந்தது. கணக்கு எண்ணைத் தப்பாகக் கொடுத்தவர்களுக்குத்தான் பணம் வந்து சேராது. முழுச் சுயநிதித் திட்டத்தில் என்.சி.சி. நடத்தும் தனியார் பள்ளி, கல்லூரிகளில் மட்டும் பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். அங்கே உங்களிடம் ஏதாவது வசூலித்தால் எதற்கு என்று ரசீதோடு கேளுங்கள், அது நியாயமான கேள்வி.

ஆர்.டி.சி. தயாரிப்பு முகாம்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பர் செமஸ்டர் தேர்வோடு மோதும். முகாம் உத்தரவு நகலைத் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே கொடுத்து, வருகைப் பதிவையும் தேர்வையும் எழுத்தில் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையை நம்பி அரியர் வாங்கிய பிள்ளைகள் உண்டு.

பயிற்சியில் அடிபட்டால் கேடட் நலச் சங்கத்திலிருந்து நிவாரணத் தொகை உண்டு. ஆஸ்துமா, பழைய எலும்பு முறிவு, வலிப்பு எதையும் மருத்துவப் படிவத்தில் மறைக்க வேண்டாம். பிள்ளையின் வாய்ப்பு போய்விடும் என்று அம்மாமார்கள் மறைப்பது தெரியும், மலை மேல் மூச்சு முட்டும்போது அது பெரிய விஷயமாகிவிடும்.

வெளிநாடு கிடைக்காமல் போனாலும் 'சி' சர்டிபிகேட் கையில் இருக்கும். அதில் 'பி' கிரேடோ அதற்கு மேலோ வாங்கியவர்கள் பட்டப்படிப்பில் 50 சதவீத மதிப்பெண்ணோடு, எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்கு நேரே போகலாம். ராணுவத்தின் என்.சி.சி. சிறப்பு நுழைவு என்பது இதுதான். ஆண், பெண் இருவருக்கும் உண்டு. என்னைக் கேட்டால், பதினைந்து நாள் வெளிநாட்டுப் பயணத்தைவிட இதுதான் பெரிய உரிமை.

பள்ளியில் என்.சி.சி. இல்லாமல் சாரணர் இயக்கம் மட்டும் இருந்தால், அங்கேயும் ஜம்போரி என்ற உலகக் கூடுகைகள் உண்டு. 2023-இல் தென்கொரியாவில் நடந்தது. ஆனால் அவற்றுக்குப் பங்கேற்புக் கட்டணமும் விமானச் செலவும் உண்டு, பெரும்பாலும் குடும்பம்தான் ஏற்க வேண்டியிருக்கும். அதையும் என்.சி.சி. திட்டத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். என்.சி.சி. தொடர்பான எந்தச் சந்தேகத்துக்கும் முதலில் போக வேண்டிய ஆள் கல்லூரியின் ஏ.என்.ஓ., அதாவது என்.சி.சி. பொறுப்புப் பேராசிரியர். அவரிடம் விடை கிடைக்காவிட்டால் பட்டாலியன் அலுவலகம். வேலை நாளில் கேடட்டின் பதிவு எண்ணோடு போங்கள்.