பவளத் தொட்டியில் முதலில் தீர்வது எது?

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களுக்குக் கால்சியத்தைப் பற்றிய கவலைதான் அதிகம். பவளத்தின் எலும்புக்கூடு முழுக்கச் சுண்ணாம்பு. சுண்ணாம்புக்குக் கால்சியம் வேண்டும். ஆகவே கால்சியத்தை ஊற்று என்று கை போகிறது. உண்மையில் தொட்டியில் முதலில் தட்டுப்பாடாவது காரத்தன்மை.

இதைப் பிஎச் அளவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அமிலத்தை எவ்வளவு தூரம் நீர் தாங்கும் என்பதன் அளவே காரத்தன்மை. கடல்நீரில் அந்தத் தாங்குதிறனைப் பெரும்பாலும் தருவது பைகார்பனேட். சோதனை முறையும் அதையொட்டியதே. பரவலாகக் கிடைக்கும் ஒரு கிட்டில், 5 மில்லி தொட்டி நீரில் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். முதல் சொட்டிலேயே நீர் நீலமாகும். பிறகு ஏதோ ஒரு சொட்டில் மஞ்சளாகிவிடும். எத்தனை சொட்டு விட்டோமோ அத்தனை டிகேஎச்; காரத்தன்மையை அளக்கும் அலகு அது.

இயற்கைக் கடல்நீரில் கால்சியம் லிட்டருக்குச் சுமார் 420 மில்லிகிராம், காரத்தன்மை ஏறத்தாழ 7 டிகேஎச். தொட்டியில் பலர் 8 வைத்துக்கொள்வார்கள். பவளம் எலும்பு கட்டும்போது ஒரு கால்சியம் அயனிக்கு இரண்டு பைகார்பனேட் அயனிகள் செலவாகின்றன. கணக்கிட்டால், கால்சியம் 20 மில்லிகிராம் குறையும்போது காரத்தன்மை 2.8 டிகேஎச் குறையும். 200 லிட்டர் தொட்டியில் இது வெறும் 10 கிராம் சுண்ணாம்பு. கல் பவளம் நிறைந்த தொட்டி மூன்றே நாளில் அதைக் கட்டிவிடும். அந்த மூன்று நாளில் கால்சியம் 420-லிருந்து 400-க்கு இறங்கும். வீட்டுச் சோதனைக் கிட் அதைக் கவனிக்கவே கவனிக்காது. காரத்தன்மையோ 8-லிருந்து 5.2-க்கு விழுந்திருக்கும். கால்சியம் குதிரில் கிடக்கும் நெல் என்றால், காரத்தன்மை அன்றைக்குக் குத்திய அரிசி.

இரண்டும் ஒரே விகிதத்தில் செலவாவதால், ஈடு செய்வதும் அதே விகிதத்தில் இருக்க வேண்டும். இதற்கு இருக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது சுண்ணாம்பு நீர். 1970களில் பீட்டர் வில்கென்ஸ் தொட்டி வளர்ப்பாளர்களிடையே பரப்பிய முறை இது. வெற்றிலையில் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடுதான். தொட்டிக்குக் கலப்பில்லாததாக வேண்டும், அவ்வளவே. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒன்றரை கிராம் அளவுக்குக் கரையும். கரைந்தது நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துப் பைகார்பனேட்டாகிறது. கால்சியமும் காரத்தன்மையும் சரியான விகிதத்தில் சேர்ந்துவிடுகின்றன. வேண்டாத உப்பு எதுவும் மிஞ்சுவதில்லை. மேலே சொன்ன மூன்று நாள் இழப்பை ஈடுகட்ட ஐந்து லிட்டர் போதும். மூடியில்லாத தொட்டியில் ஆவியாகும் நீரின் இடத்தில் அதையே விட்டுவிடலாம்.

ஆனால் மொத்தமாகக் கொட்டக் கூடாது. தெளிந்த சுண்ணாம்பு நீரின் பிஎச் 12-க்கும் மேல். விளக்கணைந்து தொட்டியின் பிஎச் இறங்கும் இரவு நேரத்தில் சொட்டுச் சொட்டாக விடுவது வழக்கம். வாளியைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு மேலே மெல்லிய ஏடு படியும். அந்த ஏடு கால்சியம் கார்பனேட், தொட்டிக்குப் பயனில்லை.

பவளக் கூட்டம் பெருகி, ஆவியாகும் நீரளவுக்குச் சுண்ணாம்பு நீர் விட்டும் போதாதபோது கால்சியம் குளோரைடையும் சோடியம் பைகார்பனேட்டையும் தனித்தனியாகக் கரைத்துச் சேர்ப்பார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் ஊற்றினால் அங்கேயே வெண்மையாகக் கலங்கிவிடும். நாளடைவில் சாதாரண உப்பும் சேர்ந்துகொண்டே போவதால் உப்புத்தன்மையையும் பார்க்க வேண்டும். (இந்தியாவில் கல் பவளம் வளர்ப்பதற்குச் சட்டத் தடை இருக்கிறது: கல் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.)

எவ்வளவு சேர்த்தாலும் இரண்டு அளவும் ஏறவில்லையென்றால் ஹீட்டரைப் பார்க்க வேண்டும். அதன் மேலும் பம்பின் சுழலியிலும் சொரசொரப்பாக வெள்ளைப் படலம் படிந்திருந்தால், ஊற்றியதெல்லாம் பவளத்துக்குப் போகாமல் அங்கே போயிருக்கிறது. கடல்நீரில் மக்னீசியம் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் இருக்கிறது. உருவாகும் சுண்ணாம்புப் படிகத்தின் முகப்பில் இது ஒட்டிக்கொண்டு மேற்கொண்டு வளரவிடாமல் தடுக்கிறது. மக்னீசியம் குறைந்தால் அந்தத் தடை தளரும். ஆகவே மேலும் கால்சியம் வாங்குவதற்கு முன் மக்னீசியத்தைச் சோதித்துக் கூட்ட வேண்டும். படலத்தை வினிகரில் ஊறவைத்துக் கழுவிவிடலாம்.